லேசான சென்ட்டு

"யாருக்கும் தெரியாம இருக்குறதுக்கு எதுக்குடி சென்ட்டு?"

விஷ்ராந்த்வாடியிலிருந்து கராடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் கேட்டார். புனேயில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம், சத்தமாகவே கேட்டார். நான் சந்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது லேசான சென்ட்டுங்க. எலுமிச்சையும் அத்திப்பழமும் கலந்தது. தினம் ஆபீஸுக்குப் போட்டுக்கலாம்."

"உன் ஜவ்வாதுக்கு என்ன கொறச்சல்?"

"அதைப் பூசிக்கிட்டுப் போய்த்தான் பழைய ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி நாள் பூரா தும்முனா. புது ஆபீஸ்லயும் மொத நாளே அப்படி ஆகணுமா?"

அவர் அவள் தோளருகே குனிந்து மோந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணியை அடைச்சு உன் தலையில கட்டிட்டான்."

அவள் தன் மணிக்கட்டைத் தானே ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் பிரேக்கை அழுத்தினார். என் பை முன் சீட்டில் மோதியது. உள்ளே இருந்த எலுமிச்சையும், இலை சுற்றிய அத்திப்பழங்களும் நசுங்கின.

"இப்ப வருதுடி! அடடா, நல்லாத்தான் இருக்கு."

"நான்தான் சொன்னேனே. உடம்புச் சூட்டுக்கு மெதுவாத்தான் வரும்."

என் நிறுத்தம் வந்தது. பையோடு இறங்கி, அவர்கள் ஜன்னலைத் தாண்டி நடந்தேன்.

"எங்கடி, காணோமே?"

"நீங்க பேசின பேச்சுக்குக் கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிடுச்சு."