சமத்துப் பிள்ளை

“எங்க மூத்தவ கைப்புள்ளையில அழவே மாட்டாக்கா. அதுதான் நோயின்னு எங்களுக்குத் தெரியலை.”

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

“அழாட்டி நல்லதுதானே?”

“அப்படித்தான் நெனச்சோம். எந்நேரமும் தூங்குவா. பாலுக்குக்கூட எழுப்பணும். சமத்துப் புள்ளைன்னு ஊரே சொல்லுச்சு. ரெண்டு வயசாகியும் நடக்கலையேன்னு கூட்டிட்டுப் போனப்பதான், பொறந்ததுல இருந்தே தைராய்டு சரியாச் சுரக்கலைன்னாங்க.”

“பச்சப் புள்ளைக்குமா தைராய்டு வரும்?”

“வரும்க்கா. அதான் இவன் பொறந்ததும் நானே கேட்டு, குதிகால்ல ரத்தம் எடுத்துப் பாக்கச் சொன்னேன். இவனுக்கும் இருக்கு. ஒடனே மாத்திரை ஆரம்பிச்சாச்சு. தெனமும் பொடிச்சுத் தாய்ப்பால்ல கலந்து குடுக்குறேன். நல்லா வளந்துருவான்னு டாக்டர் சொல்றாங்க.”

பக்கத்துப் பெண் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். “மூத்தவ எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

“அவளும் மாத்திரை சாப்பிடுறா. இப்ப நடக்குறா, ஸ்கூலுக்குப் போறா. பேச்சுதான் மெதுவா வரும். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் குறுக்க பேசுறதில்லைக்கா.”