ஏழாம் பந்தியும் ஒரு கையெழுத்தும்

எங்கள் கடையில் மின்விசிறி எப்போதும் வாடிக்கையாளர் பக்கமே திரும்பியிருக்கும். அது என் ஏற்பாடு. வெள்ளவத்தையில், காலி வீதி வெயிலில் வந்து நிற்பவர்களுக்கு முதலில் காற்று வேண்டும். போன், சிம் எல்லாம் பிறகுதான். நான் இருக்கும் கொட்டாஞ்சேனையில் நோபேட் என்றால் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் விசாரித்துப் பார்க்கலாம்.

சிவமணி என்ற பெண் 2007 தொடக்கத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போன் இணைப்பு எடுத்தார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் தட்டச்சு வேலை. ஹெவ்லொக் டவுனில் அவர் இருந்த அறைக்குள் சிக்னல் வரவில்லை. ஒப்பந்தத்தை விட வேண்டும் என்று வந்தார். இரண்டு வருடம் முடியாமல் விட இயலாது என்று வழமைபோலச் சொன்னேன். அவர் தாளை விரித்தார்.

"தம்பி, ஏழாம் பந்தியை வாசியுங்கோ. சேவை கிடைக்காட்டி விடலாமெண்டு நீங்கள்தானே அச்சடிச்சிருக்கிறியள்."

வாசித்தேன். கடையில் ஆறு பேர் நின்றார்கள். முகாமையாளர் ராசிக் எழுந்து வந்து தாளைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரி. மன்னிப்புக் கேளுங்க நோபேட்," என்றார். கேட்டேன். ஒப்பந்தம் அன்றே ரத்தானது. போகும்போது சிவமணி சிரித்தார்.

"கோவிக்காதையுங்கோ தம்பி. எனக்குரியதைத்தான் கேட்டனான்."

நான் கோபிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, அடையாள அட்டை இல்லாத ஒருவன் சிம் கேட்டு வந்தான். அந்த நாட்களில் அட்டைப் பிரதி இல்லாமல் கொடுக்கக்கூடாது. ஆனால் மாத முடிவில் எண்ணிக்கை குறைந்தால் எல்லாக் கடைகளும் அதைச் செய்தன. வெளிநாடு போய்விட்டவர்களின் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் இருந்தன. நான் பெட்டியைத் திறக்கவில்லை. சிவமணியின் அட்டைப் பிரதி என் மேசை லாச்சியில் இருந்தது. கையெழுத்தை நாட்காட்டியின் பின்புறத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். நான்காவது, படிவத்தில்.

ஏழு வாரங்களின் பின் சிவில் உடையில் இருவர் வந்தார்கள். அந்த இலக்கத்துப் போன் எங்கோ அகப்பட்டிருந்தது. எங்கே என்று சொல்லவில்லை. படிவத்தைக் காட்டி, "மே அத்சன எயாகெத?" என்றார் ஒருவர். இது சிவமணியின் கையெழுத்தா என்று கேட்டார்.

"ஒவ் சேர்," என்று ஆமோதித்தேன். என் முன்னால் வைத்துத்தான் போட்டார் என்றும் சொன்னேன்.

படிவத்தில் இருந்தது பழைய முகவரி. சிவமணி அறை மாறியிருந்தார். அவர்கள் வீணாக அலையக்கூடாது என்று நொத்தாரிசின் அலுவலகத்தைச் சொன்னேன். ஐந்து மணிக்கு வெளியே வருவார் என்பதையும் சொன்னேன். இதை அவர்கள் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவருடைய தங்கை கௌரி வந்தார். ஒரு சிம்மைப் பற்றிக் கேட்டு அக்காவை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரென்றே தெரியவில்லை என்றார்.

"அண்ணா, அக்கா ஒரு சிம்தான் எடுத்தவ. அதையும் விட்டிட்டா. விட்டவவெண்டு ஒரு கடிதம் தாங்கோ. பெரிய இடத்தில காட்டிக் கேக்கலாம்."

ரத்துக் கடிதத்தின் பிரதி கோப்பில் இருந்தது. ஆனால் ஒருவரின் விவரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பது வாடிக்கையாளர் உரிமைக்கு மாறானது.

"உரியவர்தான் வந்து கையெழுத்து வைக்க வேணும்," என்றேன்.

"அவவை எங்கேயிருந்து கூட்டிக்கொண்டு வாறது?"

நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் அதே பதிலை மரியாதையாகத்தான் சொன்னேன். கடைசித் தடவை என் பதிலைக் கேட்டுவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்து போனார். பிறகு அந்தக் கடிதத்தையும் கிழித்துவிட்டேன். இப்போது வருடம் ஒன்றாகிறது. சிவமணி எந்தத் தடுப்பு முகாமிலும் இல்லை, எந்தப் பதிவிலும் இல்லை என்று விசாரிக்க வந்த நீங்களே சொல்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்பியது நான். கையெழுத்துப் போட்டது நான். இடமும் நேரமும் சொன்னது நான். எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள்: சிவமணி ஒரு நாளாவது நேரில் வந்து கேட்டிருந்தால், அந்தக் கடிதத்தை நான் கொடுத்திருப்பேன்.