கோர்ட்டுக்கு வந்த ஆடிட்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் காலைப் பஸ். என் முன் சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிற இரண்டு பெண்கள்.

"நேத்து கோர்ட்டுக்கும் ஆடிட் வந்துருச்சுங்க்கா" என்றாள் சன்னலோரம் இருந்த இளையவள்.

"கோர்ட்டுக்கு என்ன ஆடிட்டு கண்ணு?"

"வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. கேசைச் சுருக்கா முடிக்க ஜட்ஜுக்கும் வக்கீலுக்கும் பயிற்சி குடுக்கறாங்களாம், கம்ப்யூட்டரும் தர்றாங்களாம். நம்ம கம்பெனிக்குத் துணி வாங்கற பையர் ஆடிட்டுக்கு வர்றப்ப பண்ற மாதிரியே சுவத்துக்குப் புதுசா வெள்ளையடிச்சு, பூந்தொட்டியெல்லாம் வெச்சிருந்தாங்க."

"அது கெடக்குது. உங்க தோட்டத்துக்குப் போற தடத்தைப் பங்காளி அடைச்ச கேசு என்னாச்சு?"

"வாய்தாதானுங்க. எங்க வக்கீல் அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு மாலை போடப் போயிட்டாரு."

"அவங்ககிட்டயே அதைச் சொல்றதுதானே?"

"கேட்டாங்க்கா. ஒரு வெள்ளைக்காரம்மா எம்பக்கத்துல உக்காந்து, கூட வந்த பொண்ணை வெச்சுத் தமிழ்லயே கேட்டாங்க, இங்க உங்களுக்கு ஏதாச்சும் கொறை இருக்குதான்னு."

"நீ என்ன சொன்னே?"



"ஆடிட்காரங்களைப் பாத்தாலே நம்ம கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிக் குடுத்ததுதான் வாயில வருதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க, தண்ணி நல்லா வருது, நேரத்துக்கு ஊட்டுக்கு உட்டர்றாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

பெரியவள் யோசித்தாள்.

"கடைசியாச் சொன்னது நெசந்தான் கண்ணு. வாய்தா போட்டுக் காலையிலயே உட்டுட்டாங்கல்ல."