வால்வு கவரில் விரல்ரேகை

பாலிஷ்காரர்: ஐயா, இதையுமா பாலிஷ் போடணும்?

மாமனார்: ஏன், போடக் கூடாதா?

பாலிஷ்காரர்: இது ஆயில் அளக்கிற குச்சி.

மாமனார்: குச்சின்னா மட்டமா?

பாலிஷ்காரர்: மட்டமில்லைங்க. ஆனா இது என்ஜினுக்குள்ள சொருகிக் கிடக்கும். யாரும் பார்க்க மாட்டாங்க.

மாமனார்: ஆயில் பார்க்கும்.

பாலிஷ்காரர்: …சரி, வைங்க. பையில இன்னும் என்ன இருக்கு?

மாமனார்: பெருசா ஒண்ணுமில்ல. ரேடியேட்டர் மூடி. அப்புறம் இது… இது என்னன்னு எனக்கே தெரியல. அழுக்கா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்.

பாலிஷ்காரர்: இது உங்க வீட்டுக் குழாயோட திருகு.

மாமனார்: அதுவும் பளபளன்னு இருக்கட்டுமே.

பாலிஷ்காரர்: முதலாளி! உங்க மாமனார் வந்திருக்காரு. குழாயோட வந்திருக்காரு.

மருமகள்: வாங்க மாமா. அந்த ஸ்டூல் வேணாம், அதுல பெயிண்ட் பவுடர் இருக்கு. இப்படி உட்காருங்க… சாப்பிட்டீங்களா?

மாமனார்: ஆச்சும்மா. பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வர்றேன்.

மருமகள்: நடந்தா?

மாமனார்: கார்தான் உன் பட்டறையில படுத்துக் கிடக்கே. சந்து வழியா நடந்துதான் போனோம்.

பாலிஷ்காரர்: இனிமே படுத்துக் கிடக்க வேண்டியதில்லைங்க. அதைத்தான் சொல்ல வந்தேன் முதலாளி. எல்லா வேலையும் முடிஞ்சுது.

மருமகள்: எது முடிஞ்சுது?

பாலிஷ்காரர்: ஐயா வண்டியோட வால்வு கவர், மேனிஃபோல்டு, என்ஜின் மேல இருக்கிற எல்லாந்தான். பிசுக்கு போகக் கழுவியாச்சு. ஓவன்ல சுட்டு, உலோகத்துக்குள்ள ஊறிக் கிடந்த எண்ணெயைக் கக்க வச்சாச்சு. மணலைப் பீய்ச்சி அடிச்சாச்சு. பவுடர் படக் கூடாத மரை ஓட்டைக்கெல்லாம் ரப்பர் கார்க், கேஸ்கட் உட்கார்ற இடத்துக்கெல்லாம் டேப். இனி பவுடர் அடிச்சு ஓவன்ல வச்சா மத்தியானம் கையில. நாளைக்கு மெக்கானிக் பூட்டிடுவாரு. மறுநாள் ஐயா ஜாம் ஜாம்னு ஓட்டலாம். என்னங்க, ரெண்டு பேரும் இழவு விழுந்த மாதிரி பார்க்கிறீங்க? நல்ல சேதிதானே சொன்னேன்?

மருமகள்: உள்ள இன்னும் எண்ணெய் இருக்கும்ணே. இன்னொரு தடவை சுட்டுடுங்க.

பாலிஷ்காரர்: நேத்து சுட்டேன். முந்தாநேத்தும் சுட்டேன். இனிமே சுட்டா அதுல வடியறதுக்கு எண்ணெய் இல்ல, கண்ணீர்தான் வரும்.

மாமனார்: முதலாளி சொல்றா, கேளேன்பா. அலுமினியத்தை நம்பக் கூடாது.

பாலிஷ்காரர்: அலுமினியம் உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சு?

மாமனார்: சரி, அப்படி என்னதான் முடிச்சிருக்கேன்னு பார்ப்போம். இதுவா வால்வு கவர்? அட, சாம்பல் பூசின மாதிரி…

பாலிஷ்காரர்: ஐயா ஐயா ஐயா! தொடாதீங்க!

மாமனார்: ஏன்?

பாலிஷ்காரர்: வெறுங்கை! மணல் அடிச்ச பிறகு விரல் படக் கூடாது. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டா அந்த இடத்துல பவுடர் ஒட்டாது. வெந்ததும் குழி குழியா நிக்கும்.

மாமனார்: அடடா. தெரியாம வச்சுட்டேனேப்பா.

பாலிஷ்காரர்: நேத்தும் தெரியாமதான் வச்சீங்க. அதுக்கு முன்னாடி தெரியாம மேனிஃபோல்டைக் கட்டிப் பிடிச்சீங்க.

மாமனார்: அது விழப் போச்சு. தாங்கிப் பிடிச்சேன்.

பாலிஷ்காரர்: அது கொக்கியில தொங்கிட்டு இருந்துச்சு.

மருமகள்: விடுங்கண்ணே, பெரியவர். திரும்பக் கழுவிட்டு, திரும்ப மணல் அடிச்சுக்கலாம்.

பாலிஷ்காரர்: நீங்களும் லேசுப்பட்டவங்க இல்ல முதலாளி. நேத்து நான் ஒட்டிட்டுப் போன டேப்பையெல்லாம் காலையில வந்து பிச்சுப் போட்டது யாரு?

மருமகள்: ஓரம் சரியில்ல.

பாலிஷ்காரர்: இத்தனை வருஷமா சரியாத்தானே இருந்துச்சு என் ஓரம்?

மருமகள்: இப்போ கொஞ்ச நாளா கோணுது.

மாமனார்: நானும் கவனிச்சேன்.

பாலிஷ்காரர்: நீங்க எங்கங்க கவனிச்சீங்க?

மாமனார்: ஏம்பா, இந்தக் கவருக்கு உள்பக்கமும் பவுடர் அடிச்சா என்ன?

பாலிஷ்காரர்: அடிக்கவே கூடாது. சூட்டுல உரிஞ்சு ஆயில்ல கலந்துடும். என்ஜின் செத்துடும்.

மாமனார்: செத்துடுமா…? எவ்வளவு நாள்ல?

பாலிஷ்காரர்: ஏங்க, கொல்றதுக்கா அழகு பண்றோம்?

மருமகள்: கலரே இன்னும் முடிவாகலையேண்ணே. மாமா, இந்தாங்க கலர் அட்டை. நிதானமா பாருங்க. அவசரமே இல்ல.

மாமனார்: நேத்து சிவப்புன்னு சொன்னேன்ல? அது வேணாம்.

பாலிஷ்காரர்: நேத்து பச்சைன்னு சொன்னீங்க.

மாமனார்: ரெண்டும் வேணாம். இந்தக் கறுப்பு அடி.

பாலிஷ்காரர்: அது கருநீலம்.

மாமனார்: அதைத்தான் சொன்னேன்.

பாலிஷ்காரர்: பக்கத்துல இருக்கிறதுதான் கறுப்பு.

மாமனார்: அதையுந்தான் சொன்னேன்.

மருமகள்: கலர் நாளைக்குப் பார்த்துக்கலாம்ணே.

மாமனார்: நாளைக்கே என்ன அவசரம்.

பாலிஷ்காரர்: நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மானத்தை வாங்கறாரு. நல்லா இருந்த என்ஜினை எதுக்குய்யா பிரிக்கச் சொன்னீங்கன்னு கேட்கிறாரு. நான் என்ன பதில் சொல்ல?

மருமகள்: எங்க நல்லா இருந்துச்சு? நடுரோட்டுல நின்னுபோன வண்டி. நான்தானே போய்க் கட்டி இழுத்துட்டு வந்தேன்?

பாலிஷ்காரர்: பிரிச்சுப் பார்த்துட்டு அவர் என்ன சொன்னாரு? பிளக் சுத்தம், பெட்ரோல் வர்ற வழி சுத்தம், இது எதுக்கு நின்னுச்சுன்னே புரியலன்னாரு. உடனே நீங்க, பிரிச்சதுதான் பிரிச்சாச்சு, எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் போட்டு வைப்போம்னீங்க. ஐயாவும் தலையை ஆட்டினாரு, பார்க்க லட்சணமா இருக்கும்னு. யாரு, இந்த ஐயா! கார்க்கதவு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தப்போ பழைய துணியை வச்சு அடைச்சவரு!

மாமனார்: அது கதவு. இது என்ஜின்.

பாலிஷ்காரர்: வேலை முடியற நேரத்துல இவர் கையை வைக்கிறாரு. கை வைக்கலன்னா நீங்க டேப்பைப் பிக்கிறீங்க. ஏன் முதலாளி, இந்த வண்டி திரும்ப ரோட்டுக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?

மருமகள்: …அண்ணே, அந்தக் கம்ப்ரஸரைக் கொஞ்சம் நிறுத்துங்க.

பாலிஷ்காரர்: நிறுத்திட்டேன்.

மருமகள்: மாமா… தப்பா எடுத்துக்காதீங்க.

மாமனார்: இப்படி ஆரம்பிச்சா தப்பாத்தான் இருக்கும். சொல்லும்மா.

மருமகள்: பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே… ஸ்கூலுக்குப் போக வேணாம்னு படுக்க வச்சேன். ஒரே அழுகை. எங்கடி வலிக்குதுன்னு கேட்டேன். வலிக்கலம்மா, நான் போகலன்னா தாத்தாவுக்கு யாரு சிவப்பு சொல்வாங்கன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. தோண்டித் தோண்டிக் கேட்டேன். முன்சீட்டுல உட்கார்ந்துகிட்டு சிக்னல் வந்தா சிவப்பு தாத்தா, பச்சை தாத்தான்னு தினமும் சொல்லிட்டே போவாளாம். அவளுக்கு அது விளையாட்டாம். ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்லையாம்… பெருமை வேற.

பாலிஷ்காரர்: கடவுளே…

மருமகள்: உங்க பிள்ளைகிட்ட சொன்னேன். அப்பாகிட்ட நீயே பேசு, என்னால ஆகாதுன்னுட்டார். எனக்கும் வாய் வரல. அத்தை போன பிறகு நீங்க சிரிச்ச முகமா வீட்டை விட்டுக் கிளம்பறதே காலையில பாப்பாவோட அந்த வண்டியிலதான். அதை எப்படி மாமா பிடுங்கறது? அன்னிக்கே வண்டி நின்னுபோச்சுன்னு உங்க போன் வந்துச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒரேயடியாப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டேன்.

பாலிஷ்காரர்: அப்போ உள்ள எண்ணெய் இருக்குன்னது…

மருமகள்: இல்லண்ணே.

பாலிஷ்காரர்: என் டேப்பு?

மருமகள்: ஓரமெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு.

பாலிஷ்காரர்: அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். கை நடுங்குதான்னு வீட்டுல டம்ளரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துட்டு இருக்கேன்.

மருமகள்: மாமா… ஏதாவது பேசுங்க. கோபமா?

மாமனார்: கோபமில்ல. கண் டாக்டர்கிட்ட போனேன்மா. உங்க யார்கிட்டயும் சொல்லல.

மருமகள்: எப்போ?

மாமனார்: மணல் அடிக்க ஆரம்பிச்சப்போ. நரம்பு கெட்டுப்போச்சு, இனிமே கண்ணாடியை மாத்தியும் பிரயோஜனமில்லன்னுட்டார். இருக்கிறதைக் காப்பாத்திக்கச் சொட்டு மருந்து குடுத்திருக்கார். காரைத் தொடாதீங்கன்னார்.

மருமகள்: அதான் வேலை முடியக் கூடாதுன்னு எல்லாத்தையும் கையால தொட்டீங்களா?

மாமனார்: ஆமா.

மருமகள்: வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மாமனார்: சொன்னா பாப்பாவுக்கு வேன் வச்சுடுவீங்க. ஹாரன் அடிச்சதும் ஓடிப் போய் ஏறிக்குவா. அப்புறம் காலையில நான் எதுக்கு எழுந்திருக்கணும்?

மருமகள்: இப்போ கார் இல்லாமதானே இருக்கு. வேன் வச்சேனா?

மாமனார்: அது கார் வர்ற வரைக்கும்னு நெனச்சேன்.

மருமகள்: கார் வந்தாலும் நடந்தே கூட்டிட்டுப் போங்க. சந்து வழியாப் போனா ஒரு ரோடுகூடத் தாண்ட வேண்டியதில்ல. நடக்கிறதுதான் நல்லா இருக்காம் அவளுக்கு. கார்ல போனா ரோட்டையே பார்க்கணும், பேச முடியலன்னா.

மாமனார்: …அப்படியா சொன்னா?

மருமகள்: லீவு நாள்ல நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்துகிட்டு குறை சொல்லிட்டு வாங்க.

மாமனார்: நீ கிளட்சுல வச்ச காலை எடுக்கவே மாட்டியேம்மா.

மருமகள்: ஆரம்பிச்சுட்டீங்களா?

பாலிஷ்காரர்: குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்க. அப்போ இன்னிக்குப் பவுடர் அடிக்கலாமா?

மாமனார்: அடிப்பா.

பாலிஷ்காரர்: என்ன கலர்?

மாமனார்: ஓட்டப் போறவளைக் கேளு.

மருமகள்: கருநீலம்ணே. கவர் மேல வரி வரியா மேடு நிக்குதே, அதை மட்டும் தேய்ச்சு வெள்ளையா பாலிஷ் போட்டுடுங்க.

பாலிஷ்காரர்: ஜோரா இருக்கும். முதல்ல இந்த விரல்ரேகையைத் துடைச்சுட்டு வர்றேன்… ஆனா ஐயா, ஒண்ணு மட்டும் உறுத்துது. என்ஜின்ல கோளாறே இல்ல. அப்புறம் எதுக்கு அன்னிக்கு நடுரோட்டுல நின்னுச்சு?

மாமனார்: வண்டி நிக்கலப்பா, நான்தான் நின்னேன். பாப்பாவுக்கு மருந்து வாங்கப் போனேன், பக்கத்து சீட்டு காலி. சிக்னல்ல ஏதோ ஒரு வெளிச்சம் தெரியுது, எந்த வெளிச்சம்னு தெரியல. பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க. போகச் சொல்றாங்களா, திட்டறாங்களா, புரியல. பிரேக்குல இருந்து காலை எடுக்கவே முடியல எனக்கு. யாரோ ரெண்டு பேரு ஓடி வந்து, என்ன பெரியவரே, வண்டி நின்னுபோச்சான்னு கேட்டாங்க. சத்தமில்லாம சாவியைத் திருப்பி அணைச்சுட்டு, ஆமாப்பா, கொஞ்சம் தள்ளிவிடுங்கன்னு சொன்னேன்.