பட்டறையில் தொங்கிய சாவி

பெயர் ஜெயசிங், வயது 47. தக்கலை அருகே கார் பட்டறை வைத்து, அதன் பின்புறமே குடியிருக்கிறேன். இறந்துபோன ததேயுஸ் சார், வயது 76, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய பழைய மாருதி காரை இருபது வருடமாக நான்தான் பழுது பார்த்து வருகிறேன்.

கடந்த மாதம் 4-ஆம் தேதி அவர் மகள் ரெஜிஷா என்னிடம் வந்து, "அப்பாக்கு கண்ணு செரியா தெரியல்ல அண்ணே. சாவிய வாங்கி வச்சா சண்டைக்கு வாறாரு. பூட்ட மாத்திருங்க, அவருட்ட சொல்லண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். சார் இரண்டு முறை மதிலில் இடித்தது எனக்கும் தெரியும் என்பதால் சம்மதித்தேன். அதன் பிறகு சார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பேட்டரி வயரைக் கழற்றி, ஸ்டீயரிங்கின் கீழ் மூடியைத் திறந்து, சாவி போடும் பழைய பூட்டை உருவி எடுத்து, புதியதைப் பொருத்தினேன். கதவுப் பூட்டை மாற்றவில்லை. ஆகவே சார் கையிலிருந்த பழைய சாவியால் கதவு திறக்கும், வண்டி ஓடாது. புதுச் சாவி இரண்டில் ஒன்றை ரெஜிஷா வைத்துக்கொண்டு, மற்றதை, "ஒரு அவசரம்னா உங்க கையில கெடக்கட்டும்" என்று என்னிடம் தந்தார். அதைப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டினேன்.

அதன் பிறகு சார் மூன்று முறை போன் செய்து, சாவி திரும்பவில்லை என்றார். பூட்டு தேய்ந்துவிட்டது, சாமான் வரவேண்டும் என்று மூன்று முறையும் பொய் சொன்னேன். என் மகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவரிடம் அப்படிச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது.

இம்மாதம் 11-ஆம் தேதி பகல் சுமார் 2 மணிக்கு, ரெஜிஷா வேலைக்குப் போயிருந்தபோது, சார் மறுபடி போன் செய்து, "மக்கா, இன்னைக்கு ஒருக்கா மட்டும் ஓட வச்சுத் தா" என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. படி ஏறியிருப்பார் என்று நினைத்து, "சாமான் வரல்ல சாரே, நாளைக்குப் பாப்போம்" என்றேன். "செரி மக்கா" என்று வைத்துவிட்டார். அப்போது புதுச் சாவி என் தலைக்கு நேரே தொங்கியது. அவர் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

மாலையில் ரெஜிஷா வந்து பார்த்தபோது சார் டிரைவர் சீட்டில் இறந்திருந்தார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னதாக அறிந்தேன். பழைய சாவி பூட்டுக்குள் முறுக்கியதில் ஒடிந்திருந்தது. போலீசார் சொன்னபடி அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எடுக்க அரை மணி நேரம் ஆனது.

அடக்கம் முடிந்த பிறகு ரெஜிஷா என்னிடம், "அப்பா உங்கள கூப்பிட்டாராண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் பிறகு, பூட்டை மாற்றித் தகப்பனைச் சாகவிட்டதாக அவர் தம்பி பெனிட்டோ அக்காள் மீதே புகார் கொடுத்திருப்பது தெரிந்து, நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அந்த அழைப்பு பற்றி ரெஜிஷாவுக்கு எதுவும் தெரியாது.

ஆணியில் கிடந்த சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் சொன்னதெல்லாம் உண்மை. ரெஜிஷாவிடம் இல்லை என்று சொன்னதுதான் பொய். அதை அவரிடம் சொல்ல எனக்கு முகமில்லாததால், நீங்களே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஜெயசிங்