வெள்ளிக்கிழமை வாசித்த பெயர்கள்

மைலோ கலக்க வந்தேன், ஷாமளா அக்கா. சீனி தீர்ந்துபோய்விட்டது. வெளியே கேட்டைப் பிடித்து உலுக்குகிறார்கள். முப்பது பேராவது இருப்பார்கள். சின்னையா மாமாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. "நடராஜா, மகள வெளிய அனுப்பு. பேசணும், அவ்வளவுதான் லா." அரை மணி நேரமாக இதையே சொல்கிறார். யாரோ பூச்சட்டியை உடைத்துவிட்டார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டுகிறேன். அழித்து அழித்து எழுதுகிறேன்.

மத்தியானம் ஜொகூரிலிருந்து போன் பண்ணி, "நேசம் ஆபீஸ மூடிட்டு சிவநேசன் ஓடிட்டாராமே, நீ அங்க சும்மா கிளார்க்குதானே?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அது சரியான பதில் இல்லை.

நேசம் முதலீட்டு நிர்வாகம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செமிலிங்கில், ஒரு டயர் கடையின் பின்னறையில் ஆரம்பித்தது. சிவநேசன் அப்போது இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். முதலில் பதினொரு பேர்தான் சேர்ந்தார்கள். சுங்கை லாலாங்கில் நாம் இருந்த தோட்டத்தைக் கம்பெனி விற்று, லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகள் கையில் நஷ்டஈடு வந்த வாரமே அவரும் வந்துவிட்டார். எல்லார் காசையும் ஒன்றாகச் சேர்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமும் தங்கமும் வாங்குவோம், நூறு வெள்ளி போட்டால் இரண்டு வெள்ளி வட்டி மாதாமாதம் கைக்கு வரும் என்றார். ஒரு மாதம்கூடத் தவறாமல் கொடுத்தார். பிறகு பீடோங்கில் மாடியில் ஆபீஸ் வந்தது, கண்ணாடிக் கதவும் ஏர்கோனும் வந்தன.

வட்டிக் காசை உறையில் போட்டுக் கொடுக்கும் முறை உனக்குத் தெரியும். மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்ததும், கோயில் மண்டபத்தில் மைக்கில் பெயர் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டுவார்கள். விலகுகிறவர் பெயரையும் வாசிப்பார்கள். "இவர் நம்ம குடும்பத்த விட்டு விலகுறாரு, நல்லா இருக்கட்டும்" என்பார் சிவநேசன். அதற்கும் கைதட்டுவார்கள். அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

அப்பா கணக்குக் கேட்ட வெள்ளிக்கிழமை நீ ஊரில் இல்லை. நேசத்தின் கணக்குப் புத்தகத்தில் போட்டிருந்த கரங்கான் செம்பனைத் தோட்டத்துக்கு அவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே காவலுக்கு இருந்த ஜாகாவுக்கு நேசம் என்ற பெயரே தெரியவில்லை, தோட்டம் யாரோ ஒருவருடையது. அதை மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னார். சின்னையா மாமா மைக்கை வாங்கி, "ரெண்டு மணி நேரத்துல இருநூறு ஏக்கரையும் எண்ணிட்டு வந்துட்டாரு, நம்ம செம்பனை மந்திரி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிரேமாவதி அத்தை கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் விலகுகிறவர் என்று அப்பாவின் பெயரை வாசித்தார்கள்.

நாலு மாதம் கழித்து அம்மா இறந்தபோது நீ இருந்தாய். சவப்பெட்டியை வேனில் ஏற்ற நாலாவது தோள் இல்லை. அப்பா ஜாகா வேலை பார்க்கும் பாக்டரியிலிருந்து வந்த வங்காளதேசத்துப் பையன்தான் தூக்கினான். தெருவில் கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன, யாரும் இறங்கி வரவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. நான் அழவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாய். நான் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மார்ச்சில் எஸ்.பி.எம் பரீட்சை முடிந்த மறுவாரம் சிவநேசனிடம் போய் வேலை கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். நடராஜாவின் மகளே நம்மிடம் வந்துவிட்டாள் என்று அந்த வெள்ளிக்கிழமையே மைக்கில் சொன்னார். அப்பா ஒன்றுதான் சொன்னார். "வேலைதானே, செய். ஆனா யாரையும் கூட்டிட்டு வந்து அதுல சேர்த்து விடாத." சரி என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. உள்ளே இருந்தவர்களை வெளியே போகவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செம்பனையும் இல்லை, தங்கமும் இல்லை. காலையில் புது ஆள் கொண்டுவரும் காசு சாயங்காலம் பழைய ஆளின் உறைக்குள் போகும். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அப்பா சொன்னது சரி என்று என் கண்ணால் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. ஆறு மாதத்தில் சிவநேசன் பெயர் வாசிக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார். என் குரல் தெளிவாக இருக்கிறதாம்.

பிப்ரவரியில் பிரேமாவதி அத்தை ஆபீசுக்கு வந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

"காஞ்சனா, மாமாவுக்கு நெஞ்சுல அடைப்பும்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஏழு மாசம் கழிச்சுத் தேதி குடுத்திருக்கான். எங்க காசு முப்பத்தஞ்சாயிரம் கிடக்குதுல்ல, எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுக்கலாம் அத்தை. வர்ற வெள்ளிக்கிழமை பேரு வாசிப்பேன்."

"வாசிக்காம முடியாதாம்மா? எங்க பையன் தேவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணு வீட்டுக்காரங்களும் மண்டபத்துக்கு வருவாங்க."

"எல்லாருக்கும் வாசிக்கிறதுதானே அத்தை. அப்பாவுக்கும் வாசிச்சாங்கல்ல."

 "சரிம்மா, வேற எங்கயாச்சும் கேட்டுப் பாக்குறேன்" என்று எழுந்துகொண்டாள். நான் படி வரைக்கும் கூடப்போய், பார்த்து இறங்குங்கள் என்றேன். அன்றைக்கு ஆபீஸ் காசுப் பெட்டியில் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. கொடுத்திருக்கலாம்.

ஏப்ரலில் அத்தையின் புருஷன் ரவிச்சந்திரன் மாமா இறந்துவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்க நிறையப் பேர் இருந்தார்கள். எண்ணினேன், பதினான்கு பேர்.

சின்னையா மாமாவுக்கு ஆகஸ்டில் ஐம்பத்தைந்து வயது ஆனது. இபிஎஃப் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்து நேசத்தில் போட ஆசைப்பட்டார். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாமல் என்னிடம் வந்து, "நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார். நான் நிரப்பிக் கொடுத்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பினேன்.

இப்போது மீதியையும் சொல்லிவிடுகிறேன். சிவநேசன் தானாக ஓடவில்லை. மாமாவின் காசு உள்ளே வந்த பிறகு நான் ஒரு மாதம் பொறுத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை புது சிம் ஒன்று வாங்கி, "புதன்கிழமை போலீஸ் வருது பாஸ், பாத்துக்குங்க" என்று அவருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிட்டார். நான் போலீசுக்கே சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். சொல்லியிருந்தால் மிச்சக் காசை முடக்கி, எல்லாருக்கும் கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒரு சென் காசுகூட நான் தொடவில்லை, அக்கா. எல்லாம் அப்பாவுக்காக. அவர் சொன்னது உண்மை என்று இந்தத் தாமானில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெளியே சத்தம் அடங்கிவிட்டது. சின்னையா மாமா அழுகிறார் போலிருக்கிறது. ஜன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது.

"நடராஜாண்ணே, அன்னிக்கு நீங்க ஒரே ஆள்தான் சொன்னீங்க. நாங்க சிரிச்சோம். இன்னிக்கு உங்க வார்த்தைய மட்டும்தான் நம்புறோம். உங்க பிள்ளைக்கு இது ஏமாத்து வேலைன்னு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே வீட்டுக்குப் போயிடுறோம்."

"ஆமாண்ணே, நீங்க சொன்னா போதும்." இது பிரேமாவதி அத்தை.

மூன்று வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு இதுதான். கேட்டுவிட்டேன். 

 "பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்திருக்கிறார். சமையலறை வாசலில் நிற்கிறார். நான் தட்டிக்கொண்டே இருக்கிறேன், அவரும் தடுக்கவில்லை. அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தெரியும் என்று நான் சொன்னால் அதையே வெளியே போய்ச் சொல்வார், அவருக்குப் பொய் வராது. தெரியாது என்றால் அதைத் தன் வார்த்தையாகவே சொல்லிவிடுவார், அவர்களும் நம்பிவிடுவார்கள்.

குரலைத் தாழ்த்திக் கேட்கிறார், அக்கா:

"தெரியாதுன்னு சொல்லட்டுமாம்மா?"