நாலு லிட்டருக்கு ஒரு ஜாடி

"ஹலோ... ராதிம்தானே? நான்தான் லுபோர்... ஆமா, ஆமா, உயிரோடதான் இருக்கேன்... ஒரு சந்தேகம்டா. வெறும் நாலு லிட்டர் பீர் புளிக்க வைக்கணும்னா எதுல வைக்கலாம்?... எனக்கில்லப்பா! டிப்போவுல ஒருத்தன் கேட்டான்."

பொய். ஒலொமௌட்ஸ் நகரத்தில் டிராம் ஓட்டும் லுபோர், தன் சமையல் மேடைமேல் இருந்த கண்ணாடிக் குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் பேசிக்கொண்டிருந்தான். குறுகிய கழுத்து, கழுத்துவரை பீர். அடைப்பானில் செருகிய காற்றுக்குழாய்க்குள் நுரை ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு வருஷம், அடுத்த தெருவிலிருக்கும் நண்பன் ராதிமின் நிலவறையில் இருவரும் சேர்ந்துதான் பீர் காய்ச்சினார்கள். போன சனிக்கிழமை அங்கே போனவன், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த ஹினெக்கும் ராதிமும் ஒரு சின்ன ஜாடிமேல் தலையோடு தலைசேர்த்துக் குனிந்திருப்பதை ஜன்னல் வழியே பார்த்தான். மணியடிக்காமலே திரும்பிவிட்டான்.

"நம்ம பீப்பாயா?... டேய், அது முப்பது லிட்டர்! அதுல நாலு லிட்டர் ஊத்தினா, காலி டிராம்ல ஒத்த ஆளு உக்காந்த மாதிரி. மிச்சம் பூரா காத்து. காத்து பட்டா ருசி போச்சுன்னு நீதானே சொல்லுவ?... எடுத்துக்கிட்டுப் போகவா? ஏன், உனக்கு இனிமே வேண்டாமா?... ஓ. 'நாங்க' இப்பல்லாம் சின்ன ஜாடிலதான் செய்யறோமாக்கும். யாருடா அந்த 'நாங்க'?... தெரியும், தெரியும்... பொறாமையா? எனக்கா? போடா!... ஆமா, கண்ணாடி, சரி... வெளிச்சம் படாம துணி சுத்தணும், சரி... வாய் அகலமா இருக்கணுமா? எதுக்கு?... கையை விட்டுக் கழுவவா. அவன் சொன்னானா?... துணி சுத்தச் சொன்னதும் அவன்தானா! அப்ப பதினோரு வருஷமா நாம கழுவாமலா குடிச்சோம்?"

குழாயில் குமிழி வெடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"ராதிம்... அந்த டிப்போக்காரன் இன்னொண்ணும் கேட்டான். குழாய் நுரையால அடைச்சுக்கிட்டா என்ன செய்யணும்?... எவ்வளவு இடம் விட்டேனா? விடல. கழுத்துவரைக்கும்... இல்ல, அவன்! அவன்தான் விடல... சிரிக்காதடா!... பின்னால சிரிக்கிறது யாரு?... ஹினெக் அங்கதான் இருக்கானா? இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டா?... வேண்டாம், அவன்கிட்ட குடுக்காத. ராதிம், குடுக்காத...

"ஆங், வணக்கம் ஹினெக்... நல்லா இருக்கேங்க... ஆமாங்க... அடைப்பான் மேல துணி போத்தி மெதுவா... சரிங்க... ஒரேயடியா இழுக்கக் கூடாது, சரிங்க. ஒரு நிமிஷம் இருங்க..."

துணி எடுக்கத் திரும்புவதற்குள் அடைப்பான் வெடிபோலக் கிளம்பி மேல்கூரையில் மோதியது. பழுப்பு நுரை பொங்கி, அவன் சட்டை, மூக்குக் கண்ணாடி, காலண்டர் எல்லாவற்றையும் நனைத்தது.

"...ஆமாங்க, அந்தச் சத்தம்தான்... குடுவை உடையல... மூணுல ஒரு பங்கு காலியா விடணுமா? தெரியாதுங்க. எப்பவும் ராதிம்தான் ஊத்துவான். நான் கிளறுவேன், அவ்வளவுதான்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நுரையைத் துடைத்தான்.

"அவன்கிட்ட குடுங்க... ராதிம்? ஆமா, என்னோடதுதான். தனியாத்தான் செஞ்சேன்... சும்மாதான். செய்யலாம்னு தோணுச்சு... நீ வாயேன்... ஐயோ, ஆமா, உன் முழங்கால். நாலு மாடி ஏற முடியாது... யாரு? அவனா? என் வீட்டுக்கா?... ஏழு லிட்டர் ஜாடியா... கழுவியே வச்சிருக்கானா..."

மேடையிலிருந்து நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. லுபோர் துணியை எடுத்துத் தரையில் போட்டான்.

"சரி. வரச் சொல்லு... அப்பவே கிளம்பிட்டானா?... இல்ல, இல்ல, மரியாதையாத்தான் பேசுவேன்... ஆனா ஒண்ணு. இது ஆனதும் முதல் பாட்டில் உனக்குத்தான். நானே கொண்டாந்து தர்றேன்... ரெண்டாவது யாருக்கா? அதுவும் உனக்குத்தான். அவனுக்கு மூணாவது... சிரிக்காதடா... கதவு தட்டறாங்க, அதுக்குள்ளயா? ஓடி வந்திருக்கான்டா... சரி, போனை வை."